ஒரு நூல் கீழே

சொர்ணவல்லி மகளின் காதுகுத்துப் பத்திரிகையைத் தானே போனில் டிசைன் செய்கிறாள் என்ற சேதி, அவள் அதைச் செய்து முடிப்பதற்குள் அறந்தாங்கியில் அவள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ரம்யாவுக்குத் தெரிந்தாயிற்று என்றால் அதற்குமேல் தண்டோரா போட வேண்டியதில்லை.

பத்து நாள் மெனக்கெட்டிருந்தாள். கிளிப்பச்சைப் பின்னணி, மூலைக்கு ஒரு மயில், நடுவில் ஐந்து வயது மகள் சிவரஞ்சனி பட்டுப்பாவாடையில் சிரிக்கிறாள். ஷார்ஜாவில் இருக்கும் புருஷன் நாகராசுவுக்குக்கூட ஓர் ஓரம்தான். உச்சியில், காகிதத்தின் விளிம்பைத் தலையால் முட்டிக்கொண்டு, அண்ணன் திருப்பதி. படமும் பெயரும். பிள்ளையார் சுழிக்கும் மேலே, குலசாமிக்கும் மேலே.

"சாமிக்கு மேலயா சொர்ணக்கா அண்ணனப் போடுவாக?" என்றாள் ரம்யா.

"சாமி கோவிச்சுக்காதுடி. எங்கண்ணன் கோவிச்சுக்கும்."

அந்தக் கோபத்தின் கதை தெருவுக்கே மனப்பாடம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வீட்டின் புதுமனை புகுவிழாவுக்கு நாத்தனார் புருஷன் ஆனந்தராஜ்தான் பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தார். தன் பெயரை மேலே கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டவர், சொந்தபந்தங்களை எல்லாம் அடுக்கி முடித்து, கடைசி வரியில் 'மற்றும் திருப்பதி' என்று முடித்துவிட்டார். திருப்பதி வீடு கட்டும் மேஸ்திரி. அந்த வீட்டை அஸ்திவாரத்திலிருந்து எழுப்பியவனே அவன்தான். பத்திரிகையை வாசித்தான், நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தான், "நான் மத்துமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். பதிலுக்கு நிற்கவில்லை. அன்று நின்ற பேச்சு. ஒரு 'மற்றும்' ஒரு தங்கச்சியை இவ்வளவு தூரம் தள்ளிவிடும் என்று அச்சடித்தவன் கண்டானா?

சிவரஞ்சனி பிறந்தது அதற்கப்புறம். மாமன் அவளைப் பார்த்ததில்லை. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்துவது எப்படி? ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் மடி தருகிறேன் என்று தானாக வந்தான். சொர்ணவல்லி காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயசு வந்தும் மூளிக்காது. விசேஷ வீடுகளில் பார்ப்பவர்களெல்லாம் முதலில் காதைப் பார்த்து, அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில் ராக்காயி சித்தி தூது போனாள். டிசைனைத் தன் போனில் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பதியிடம் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தானாம். சித்தி கொண்டுவந்த பதில் இது: "இப்பத்தான் எடம் தெரிஞ்சிருக்கு. வாரேன்னு சொல்லு. ஆனா இதுல இருந்து ஒரு நூல் எறங்குனாலும் என் மடியத் தேடக் கூடாது."

இப்படி ஒரு நிபந்தனையைத் தலையில் சுமந்துகொண்டுதான் சொர்ணவல்லி பத்திரிகை அடிக்கப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். புதுக்கோட்டையில் துணி எடுக்க வேண்டும் என்று ரம்யாவும் கூட ஏறினாள். அவள் துணிக்கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிரஸ்ஸில் டிசைனை எல்லாம் பார்த்துச் சரிசெய்து அச்சுக்கு அனுப்புகிறவள் பிளெஸ்ஸி. முப்பது வயசிருக்கும். வாய் அதிகம் பேசாது, கை நிற்காது. சொர்ணவல்லியின் டிசைனைப் பெரிய திரையில் விரித்தாள். ஆள் உயரத் திரையில் தன் மயில்களைப் பார்த்ததும் சொர்ணவல்லிக்குத் தலை கிறுகிறுத்தது. இதையா நான் செய்தேன் என்று பக்கத்தில் பார்த்தாள். ரம்யாவே வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பச்சை ரொம்ப நல்லாருக்குக்கா," என்றாள் பிளெஸ்ஸி. "ஆனா இந்தப் பச்சை அச்சுல வராது."

"ஏங்க? போன்ல வருதே?"

"போனுக்குள்ள வெளக்கு எரியுது. காகிதத்துக்குள்ள வெளக்கு இல்லையே. மைதான் இருக்கு. மைக்கு முடிஞ்ச பச்சைக்கு மாத்துவோம்."

ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள். கிளி கொஞ்சம் இறங்கி வாழைக்குருத்தாயிற்று. சொர்ணவல்லிக்கு அது இன்னும் பிடித்துப்போயிற்று. அடுத்து அண்ணன் படம். பிளெஸ்ஸி அதைக் கிட்டக் கொண்டுவரக் கொண்டுவர, திருப்பதியின் மூக்கு கட்டம் கட்டமாக உடைந்து, தரையில் பதித்த டைல்ஸ் போலாகிவிட்டது.

"இது எங்க எடுத்த படம்க்கா?"

"வாட்சப்புல அண்ணன் வச்சிருந்த படம். அதத்தான் புடிச்சு வச்சேன்." ஆறு வருஷமாக அவள் தினம் ஒரு தரம் எடுத்துப் பார்க்கும் படம். இவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை.

"நல்ல படம் ஒண்ணு அவர்கிட்டயே கேட்டு வாங்கிருங்க," என்று சொல்லிவிட்டு, பிளெஸ்ஸி திரையில் பத்திரிகையைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். "வெட்டுற கத்தி இந்தக் கோட்டுல எறங்கும். ஐந்நூறு காகிதத்த ஒண்ணா அடுக்கித்தான் வெட்டுவோம். ஒரு மயிரிழை அங்கிட்டோ இங்கிட்டோ போகத்தான் செய்யும். அதனால பின்னணியக் கோட்டுக்கு வெளிய மூணு மில்லி ஓட விடணும். எழுத்து, முகமெல்லாம் கோட்டுக்கு உள்ள மூணு மில்லி தள்ளி நிக்கணும். ஒங்க அண்ணன் கோட்டு மேலயே நிக்கிறாரு."

"நிக்கட்டுமே."

"வெட்டுல போயிருவாருக்கா."

"அதெல்லாம் போகாது. எங்கண்ணன எறக்காதீங்க. மத்தது என்னமும் பண்ணுங்க."

பிளெஸ்ஸி வாதாடவில்லை. இருக்கிற டிசைனை இருக்கிறபடி ஒரு கட்டுக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்தாள், உள்ளே கொண்டுபோனாள். ஆள் நீளக் கத்தி ஒன்று சத்தமே இல்லாமல் இறங்கி ஏறியது. நுங்கு சீவினால் கூடக் கொஞ்சம் சத்தம் கேட்கும்.  பிளெஸ்ஸி திரும்பி வந்து பத்துப் பத்திரிகைகளைச் சீட்டு மாதிரி மேசையில் பரப்பினாள். ஏழில் திருப்பதி முழுசாக இருந்தான். மூன்றில் அவன் பெயரின் தலைமாடு போயிருந்தது. 'தி'யின் மேல்சுழி இல்லை, 'ப்'பன்னாவின் புள்ளி இல்லை.

ரம்யா எழுத்துக்கூட்டி வாசித்தாள். "த… ரு… ப… ப… த." வாசித்துவிட்டு, சிரிப்பு வந்துவிடாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

சொர்ணவல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இறக்கினால் அண்ணன் வர மாட்டான். இறக்காவிட்டால் பத்திரிகை வாங்கும் பத்துப் பேரில் மூன்று பேர் கையில் 'தருபபத' இருக்கும். அது 'மற்றும்' என்பதைவிடக் கேவலம்.

"எவ்வளவு எறக்கணும்?" என்றாள்.

"மூணு மில்லிதான்க்கா. கட்டட வேலைக்காரங்க கணக்குக்குச் சொன்னா ஒரு நூல்."

சித்தி கொண்டுவந்த அதே வார்த்தை. சொர்ணவல்லி போனை எடுத்தாள். ஆறு வருஷமாக அவள் விரலுக்குத் தெரிந்த எண்தான், அழுத்தத்தான் விரல் வரவில்லை. இப்போது அழுத்தினாள். ரம்யா நாற்காலியை நகர்த்திக் காதைக் கிட்டக் கொண்டுவந்தாள்.

அந்தப் பக்கம் கலவை மிஷின் ஓடும் சத்தம்.

"அண்ணே. நாந்தான்."

மிஷின் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒன்னைய ஒரு நூல் எறக்கணுமாம்ண்ணே."

இத்தனை வருஷம் கழித்துப் பேசும் முதல் பேச்சுக்கு இதுவா வாய்த்தது என்று ரம்யாவுக்கே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"யாரு சொன்னது?"

"பிரஸ்ஸுல. புதுக்கோட்டையில."

"எந்தப் பிரஸ்ஸு? அங்கனயே இரு. எவன் எறக்குறான்னு பாக்குறேன்."

முக்கால் மணி நேரத்தில் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முழங்கால் வரை சிமெண்ட், இடுப்பில் அளவு டேப், தலையில் நரை. படத்தில் இல்லாத நரை. சொர்ணவல்லி எழுந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்காமல் நேரே மேசைக்குப் போனான்.

"எவன்யா எறக்கச் சொன்னது?"

"நாந்தாண்ணே," என்றாள் பிளெஸ்ஸி. வெட்டிய மூன்றையும் அவன் முன்னால் தள்ளினாள்.

திருப்பதி ஒன்றை எடுத்து வாசித்தான். கீழே வைத்தான். இன்னொன்றை எடுத்தான். காது சிவந்தது. பிளெஸ்ஸி திரையில் சிவப்புக் கோட்டைக் காட்டினாள். "நீங்க நெலைவாசல் வைக்கிறப்ப பூச்சுக்கு எடம் விடாமயா வைப்பீங்க? அதுமாதிரிதான் இதுவும். வெட்டுக்கு எடம் விடணும்."

அவன் இடுப்பு டேப்பை உருவி, மேசை மேல் கிடந்த பத்திரிகையின் விளிம்பில் வைத்து, கண்ணை இடுக்கி அளந்தான். அளந்ததையே மறுபடி அளந்தான். கட்டட வேலையில் முப்பது வருஷம் ஊறியவனுக்கு அளவோடு சண்டை போட வராது.

"ஒரு நூல்," என்றான், யாரிடமும் இல்லாமல். "விடத்தான் வேணும். பூச்சுக்கு எடம் விடாதவன் கொத்தனே இல்ல." அப்புறம் தொண்டையைச் செருமினான். "எறக்கும்மா. ஆனா எல்லாரையும் சேத்து எறக்கு."

"சாமியையுமாண்ணே?"

"சாமியையுந்தான். எனக்கொரு நியாயம் அதுக்கொரு நியாயமா?"

பிளெஸ்ஸி பச்சையைக் கோட்டுக்கு வெளியே ஓடவிட்டாள். அண்ணன், குலசாமி, மயில், நாகராசு எல்லாரும் ஆளுக்கு ஒரு நூல் இறங்கினார்கள். சிமெண்ட் சட்டையோடு சுவரோரம் நிறுத்தி அவனைப் புதிதாக ஒரு படம் எடுத்து, டைல்ஸ் மூக்கு இருந்த இடத்தில் வைத்தாள். நரையை என்ன செய்ய என்று கேட்டாள். இருக்கட்டும் என்று சொன்னது சொர்ணவல்லி.

அவன் அப்போதுதான் அவளைத் திரும்பிப் பார்த்தான். 

"அச்சு ஓடப்போவுது. பாக்குறீங்களா?" என்றாள் பிளெஸ்ஸி.

பின்கட்டில் மிஷின் இருந்தது. ஒரு தடவைக்கு ஒரு நிறம் மட்டும் போடும் பழைய ஆப்செட் மிஷின். பிளெஸ்ஸி நான்கு அலுமினியத் தகடுகளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். நான்கிலும் ஒரே மங்கல் சாம்பல். நிறமே இல்லை. நிறத்துக்கொரு தகடு, மஞ்சள், மெஜந்தா, நீலம், கறுப்பு, அவ்வளவுதான் என்றாள்.

"அப்ப பச்சை?" என்றாள் சொர்ணவல்லி. "எம்பிள்ளையோட பட்டுப்பாவாடை அரக்கு. தோல் மாநிறம். அதுக்கெல்லாம் தகடு எங்க?"

"தனியாக் கெடையாதுக்கா. எல்லாம் இந்த நாலுக்குள்ளதான்."

நம்பும்படி இல்லை. மிஷின் மூச்சுவிட்டது. காகிதம் ஒவ்வொன்றாக உள்ளே போய் அந்தப் பக்கம் வந்து விழுந்தது. பிளெஸ்ஸி ஒன்றை உருவி நீட்டினாள். வெறும் மஞ்சள். உற்றுப் பார்த்தால் அதற்குள்ளே பனியில் நிற்கிற மாதிரி ஒரு பிள்ளை. கண் இல்லை, உதடு இல்லை, பிள்ளை என்று மட்டும் தெரிந்தது.

மிஷின் ஓட்டுகிறவர்கள் உருளைகளைத் துடைத்து மை மாற்றினார்கள். அதற்கே அரைமணி நேரம். நான்கு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். துணி எடுக்க வந்த ரம்யாகூட ஒரு வார்த்தை பேசவில்லை, அதை அவள் தெருவில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

மெஜந்தா விழுந்ததும் பிள்ளைக்கு ரத்தம் ஏறியது. கன்னம் வந்தது, உதடு வந்தது, பாவாடை நெருப்பாக எரிந்தது. நீலம் விழுந்தபோது, சற்று முன்வரை இந்த அறையிலேயே இல்லாத பச்சை எங்கிருந்தோ வந்து காகிதம் முழுக்க நின்றது. மயில்கள் தோகையை விரித்தன. பிளெஸ்ஸி பூதக்கண்ணாடியைக் கொடுத்தாள். சொர்ணவல்லி குனிந்தாள். பச்சை எங்கேயும் இல்லை. மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன, அவ்வளவுதான். நிமிர்ந்தால் வயல். குனிந்தால் புள்ளி. நாலைந்து தடவை குனிந்து நிமிர்ந்தாள். கும்பிடத் தோன்றியது. எதைக் கும்பிடுவது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொண்டாள்.

கண்ணாடி திருப்பதியின் கைக்குப் போயிற்று. அவன் தன் முகத்தின் பக்கம் போகவே இல்லை. நடுவில் இருந்த பிள்ளையின் மேல் குனிந்தவன் குனிந்தபடியே இருந்தான்.

"இன்னும் கண்ணு வரலையே," என்றான்.

"கறுப்புல வரும்ண்ணே."

கோயிலில் சிலைக்குக் கண் திறக்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி நின்றார்கள். கறுப்பு ஓடியது. முதல் காகிதத்தைப் பிளெஸ்ஸி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து வெளிச்சத்தில் விரித்தாள். சிவரஞ்சனி கண் திறந்து மாமனை நேராகப் பார்த்தாள்.

"நம்ம ஆத்தா கண்ணு," என்றான் திருப்பதி.  "இவளுக்கு நம்ம ஆத்தா கண்ணுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"யாருண்ணே சொல்லுவா?" என்றாள் சொர்ணவல்லி.

அவன் படத்தில் காதைத் தொடப்போய், ஈரம் என்று பிளெஸ்ஸி சத்தம் போட, விரலை இழுத்துக்கொண்டான்.

"மை காயணும்," என்றாள் பிளெஸ்ஸி. "நாளைக்குத்தான் வெட்ட முடியும். வெட்டினதும் ஒங்க பேரு எங்க நிக்குதுன்னு நீங்களே வந்து அளந்து பாத்துருங்கண்ணே."

"நீயே அளந்துக்கம்மா." டேப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். "சொர்ணம், வண்டியில ஏறு."

"எங்கண்ணே?"

"எங்கன்னா? பிள்ளைய எனக்குக் காட்ட மாட்டியா? சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கும்ல?"

குட்டியானையில் முன்னால் இரண்டு பேருக்குத்தான் இடம். ரம்யா பஸ்ஸில் போயிருக்கலாம், ஆனால் இந்த நேரத்தில் எப்படிப் போவாள்? பின்னால் சாரப் பலகைகளுக்கும் காலி சிமெண்ட் சாக்குகளுக்கும் நடுவில் ஏறி, ஓட்டுகிற அறையின் பின்கண்ணாடியோடு ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். அறந்தாங்கி வரை அண்ணனும் தங்கச்சியும் வாய் மூடாமல் பேசிக்கொண்டு போனார்கள். ஒரு இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு இடத்தில் சொர்ணவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இன்ஜின் போட்ட இரைச்சலில் ஒரு வார்த்தைகூட ரம்யாவுக்குக் கேட்கவில்லை.