நல்ல சன்னமாப் பாத்து

கிருபன் மான் வேட்டைக்குச் சன்னம் பார்த்த சீத்துவத்தைக் கேட்டால் நிலாணி இன்றைக்கும் சிரிப்பாள். "எனக்குக் கூறைச் சீலை எடுக்கேக்கை இந்தாள் கடைக்குள்ளை கால் மணித்தியாலம் நிக்கேல்லை. உதுக்கு ரெண்டு மாசம்!"

துவக்கிலிருந்து பாய்கிற குண்டை யாழ்ப்பாணத்தில் சன்னம் என்போம். கிருபன் வெயார்ஹவுசில் விழுந்து வலது தோளை உடைத்தவன். பெரிய துவக்கின் உதையை அந்தத் தோள் தாங்காது. அதனால் ரூ-ஃபோர்ட்டி-திறீ என்கிற சின்னத் துவக்கு ஒன்றை வாங்கியிருந்தான். மானுக்கு அது போதும். ஆனால் சன்னம் சரியாக இருக்க வேண்டும், வில்லங்கம் அங்கேதான். நரியைச் சுடுகிற இலேசான சன்னம் பட்டவுடனேயே வெளித்தசையில் தூள்தூளாகிவிடும். மான் விழாது. தோள் கிழிந்து பற்றைக்குள் ஓடி, எங்கேயோ கிடந்து துடித்துத்தான் சாகும். நூறு கிறெயின் நிறையுள்ள பாரமான சன்னமோ சிதறாமல் நெஞ்சுக்குள் இறங்கும். மான் நின்ற இடத்திலேயே சரிந்துவிடும்.

வேட்டைக்குப் போக நிலாணி சம்மதித்ததே இந்த ஒன்றை வைத்துத்தான்.

"விழுந்தா அந்த இடத்திலையே விழவேணும். காயத்தோடை ஓட விட்டிட்டு வீட்டுப் பக்கம் வராதேங்கோ" என்றாள். "றோட்டுக் கரையிலை ஒரு பகல் முழுக்கக் கிடந்தவள் நான். அது என்னெண்டு எனக்குத் தெரியும்."

அவளுடைய இடுப்பெலும்புக்குப் பக்கத்தில் ஒரு சன்னம் கிடக்கிறது. வன்னியில் கடைசிச் சண்டையில் பட்டது. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த பிறகு டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தோண்டினால் நரம்பு போய்விடும், கிடக்கட்டும் என்றுவிட்டார். குளிர் தொடங்கினால் நோகும். கிருபன் அவளுடைய கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணிக் கொடுத்தான்.

வேலையிடத்துச் சிநேகிதன் மாக்கஸ் வாங்கிக் கொடுத்த நூறு கிறெயின் பெட்டியை வைத்துத் துவக்கின் குறியைச் சரிபார்த்ததில் பெட்டி முடிந்துபோனது. புதிதாக வாங்க வேண்டும். வேட்டைக்கு முதல் கிழமை பார்த்து ஓவர்ரைம் வந்து குதித்தது. கிருபன் றிச்மண்ட் ஹில்லில் இருக்கிற சங்கருக்குப் போன் அடித்தான். சங்கர் கோயம்புத்தூர்க்காரர், கம்பியூட்டர் வேலை. துவக்கு லைசென்ஸ் வகுப்பில் பழக்கமானவர். கடுதாசிக் குறியைச் சுடுவாரே தவிர, எறும்பையும் மிதிக்கமாட்டார்.

"சங்கர், கடை உங்களுக்குக் கிட்டத்தானே? ரூ-ஃபோர்ட்டி-திறீக்கு நல்ல சன்னமாப் பாத்து ஒரு பெட்டி எடுத்து வையுங்கோ."

"சன்னமாவா? சரிங்க. இருக்கறதுலயே சன்னமா எடுத்துடறேன். கவலைய விடுங்க."

எவ்வளவு நல்ல மனிசன் என்று கிருபனுக்கு மனம் உருகிப்போனது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து போகிற வழியில் சங்கரிடம் பையை வாங்கி, அப்படியே பூட்டுப் பெட்டிக்குள் வைத்தான். திறந்து பார்த்திருக்கலாம். இரண்டு மாதம் இரவிரவாகச் சன்னம் படித்தவன், கையில் வந்ததைப் பார்க்கவில்லை. இந்தக் கொடுமையை யாரிடம் சொல்லி அழுவது!

சனிக்கிழமை விடிய, வடக்கே காட்டுக்குள், மாக்கஸ் கட்டிய பரணில் இருந்துகொண்டு பையைத் திறந்தான். சன்னப் பெட்டியின் மேலே நரியின் படம். கீழே ஐம்பத்தெட்டு கிறெயின். கிருபன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மாக்கஸின் துவக்கு வேறு சைஸ், அவனுடைய சன்னம் இதற்குள் ஏறாது. மாக்கஸ் தன் பரணுக்குப் போக முதல் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, கிட்ட வந்தால் அடி, விழுந்தாலும் விழும் என்று தோளில் தட்டிவிட்டுப் போனான். கிருபன் ஒரு சன்னத்தை ஏற்றிக்கொண்டு காத்திருந்தான். அஜக்ஸிலிருந்து அக்கா குடும்பம் ஞாயிற்றுக்கிழமை மானிறைச்சி சாப்பிட வருகிறது. நிலாணி தூள்கூட வறுத்து வைத்துவிட்டாள். வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

வெளிச்சம் பரவியபோது மான் வந்தது. கொழுத்த பெண் மான். கல்லெறி தூரம்கூட இல்லை. பக்கவாட்டில் நின்று புல்லை முகர்ந்தது. கிருபன் குறிக்கண்ணாடிக்குள் அதன் தோளைப் பிடித்தான். விரல் விசையில் இருந்தது. விழுந்தாலும் விழும். விழாவிட்டால்? றோட்டுக் கரையில் பகல் முழுக்கக் கிடந்தவளின் முகம் நெஞ்சில் வந்து நின்றது. விரலை எடுத்துவிட்டான். மான் தலையைத் தூக்கி இவன் பக்கம் பார்த்தது, பிறகு ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்து போனது. கிருபனுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்திலா ஆறுதலிலா என்று அவனுக்கே தெரியவில்லை.

அடுத்த நாள் திரும்பி வருகிற வழியில், போனுக்கு சிக்னல் கிடைத்தவுடன் சங்கரைப் பிடித்தான்.

"என்ன சங்கர், இப்பிடிச் செய்து போட்டியள்! நான் என்ன கேட்டனான்?"

"நீங்கதானே சன்னமா வேணும்னீங்க? இருக்கறதுலயே லேசானது அதுதாங்க. உங்களுக்குத் தோள்வலின்னு நெனச்சேன்."

கிருபன் காரை ஓரம்கட்டினான். கோயம்புத்தூரில் சன்னம் என்றால் மெல்லிசு. அரிசியில் சன்னம், நூலில் சன்னம். நல்ல சன்னமாப் பார்த்து என்று வாயால் கேட்டு வாங்கியது வேறு யாருமில்லை, அவனேதான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

வீட்டில் நிலாணி ஒன்றும் கேட்காமல் கோழியை எடுத்து வெட்டினாள். அக்கா குடும்பம் சாப்பிட்டு, "மான் நல்லாத்தான் கொக்கரிச்சிருக்கு" என்று நக்கலடித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகுதான் கிருபன் மல்வேர்னில் இருக்கிற தங்கள் வீட்டுக் குசினிக்குள் நின்று முழுக்கதையையும் சொன்னான். சங்கரின் சன்னத்தில் நிலாணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மான் ஓடினதோ?"

"இல்லை. நடந்துதான் போனது."

"நல்லம்." அவள் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, இடுப்பில் நோகிற இடத்தை அமர்த்திப் பிடித்தாள். "அப்ப எனக்குள்ளை கிடக்கிறது ரெண்டு பாஷையிலையும் சன்னம்தான்."

கிருபன் விளங்காமல் பார்த்தான்.

"பாரமானதெண்டா நானும் நிண்ட இடத்திலையே சரிஞ்சிருப்பன். உதைச் சுட்டவனும் சங்கரிட்டைச் சொல்லித்தான் வாங்கினானோ தெரியாது."

இரண்டு மாதம் படித்ததில் இது எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

"இருங்கோ" என்று அவள் சாப்பாட்டுக் கோப்பையை எடுத்தாள். "இன்னும் சோறு கிடக்கு. போடுறன்."