குளவிக் கட்டு

அண்ணிக்கு அவசரம் என்றாலே ஆகாது. தையல் பட்டறையில் துணி வெட்டுவது அவள் வேலை. நாற்பது அடுக்குத் துணியை நீள மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, அதன்மேல் அளவுத்தாளைப் பரப்பி, மின்கத்தியைக் கோடு பிடித்து ஓட்ட வேண்டும். கத்தி ஒரு நூல் விலகினால் ஒரேயடியாக நாற்பது சட்டை பாழ். பதினாறு வருஷமாக அப்படி ஒரு தப்பு நேராமல் பார்த்துக்கொண்டவள், வீட்டிலும் அப்படித்தான் இருந்தாள். அடுப்பை அணைத்தாளா என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள்.

அவளுடைய நாத்தனார் அதற்கு நேர் எதிர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். நிற்கிற இடத்தில் நிற்கமாட்டாள் என்பதால் சின்ன வயசிலேயே வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர் விழுந்துவிட்டது. முப்பத்தைந்து வயதாகியும் அந்தப் பெயர் மாறவில்லை.

அந்தச் சிட்டு ஒருநாள் தன் வீட்டில் பல்ப் மாட்டப் போய் ஏணியிலிருந்து விழுந்து வலது கையை உடைத்துக்கொண்டாள். மூன்றே படி ஏணி. "ஊரையே கிழிச்சுக்கிட்டு வண்டி ஓட்டுறவ, ஒரு பல்புக்குத் தோத்துட்டா" என்று அண்ணன் சிரித்தான். ஆனாலும் அன்றைக்கே போய் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டான். ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. தனியாக இருந்து தலைகூட வாரிக்கொள்ள முடியாது.

முதல் வாரமே அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். வேலை முடிந்து வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவுக்குச் சாய்த்து ஒரு டேப்லெட் நிற்கும். அதற்கு முன்னால் சிட்டு இடது கை ஆள்காட்டி விரலால் எதையோ இழுத்துக்கொண்டிருப்பாள். கேட்டால் சீட்டாட்டம் என்றாள்.

"ஒரு கட்டு கையில, இன்னொரு கட்டு டேப்லெட்டுல. ரெண்டையும் அவிழ்க்க ஆறு வாரம்" என்றான் அண்ணன்.

இது ராஜா ராணிச் சீட்டு இல்லை. 'அரண்' என்று ஓர் ஆட்டம். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் இணையத்தில் இருவர் இருவராக மோதுவார்கள். ஆளுக்கு முப்பது உயிர். முதல் சுற்றில் ஒரு புள்ளி, இரண்டாவதில் இரண்டு என்று சுற்றுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். அந்தப் புள்ளிகளைச் செலவழித்துச் சீட்டுகளைக் களத்தில் இறக்க வேண்டும், மீந்தால் அடுத்த சுற்றுக்குச் சேராது. இறங்கிய சீட்டு அடுத்த சுற்றில்தான் அடிக்கும். எதிராளியின் உயிரை யார் முதலில் தீர்க்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி. என்னென்ன சீட்டு வேண்டும் என்று முன்கூட்டியே பொறுக்கிக் கட்டாகச் சேர்த்துக்கொண்டு வரலாம். சிலர் சுவர்களாகச் சேர்ப்பார்கள், சிலர் உயிரைக் கூட்டும் மருத்துவர்களாக. சிட்டு வைத்திருந்தது கிட்டத்தட்ட முழுக்கக் குளவி, கூடவே ஒன்றிரண்டு குளவிக்கூடு. ஒவ்வொரு குளவிக்கும் ஒரு புள்ளிதான் விலை. ஓர் அடிக்கு இரண்டு உயிர் போகும். சுவர் இருந்தாலும் மேலே பறந்து போய்க் கொட்டும்.

"அப்போ யோசிக்கவே வேண்டாம். கிடைக்கிறதை எல்லாம் இறக்கிவிட்டு அடிச்சுக்கிட்டே இருக்கலாம்" என்றாள் அண்ணி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க அண்ணி" என்றாள் சிட்டு. கோபம் இல்லை அந்தக் குரலில். "ஆனா ஆறாவது சுற்றுல எதிராளிகிட்ட இருந்து பெருமழைன்னு ஒரு சீட்டு வரும். ஆறு புள்ளி அதுக்கு. களத்துல இருக்கிற அத்தனை பூச்சியும் ஒரே நேரத்துல செத்துடும். அதுக்குள்ள முடிக்கணும்."

தோற்றவர்கள் கடுப்பில் எழுதிவிட்டுப் போகும் வரிகள் திரையின் ஓரத்தில் வரும். 'குருட்டுக் குளவி', 'மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுகிற கட்டு'. சிட்டு அதையெல்லாம் படித்துச் சிரிப்பாள். அண்ணிக்குத்தான் சுருக்கென்றது. வீட்டுப் பெண்ணைத் தான் ஆயிரம் சொல்லலாம், அடுத்தவன் சொல்ல என்ன இருக்கிறது?

அதனால்தான் ஒரு சாயங்காலம் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று பிடிபட்டது. சிட்டு முதல் சீட்டை இறக்குவதற்கு முன்பே உதடு அசைய ஏதோ எண்ணினாள்.

"என்ன எண்ணுறே?"

"முப்பதுல இருந்து பின்னாடி வரேன். அஞ்சாவது சுற்றுல அவங்களுக்குப் பூஜ்யம் ஆகணும்னா நாலாவதுல எவ்வளவு இருக்கணும், மூணாவதுல எவ்வளவு இருக்கணும்னு."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். இது அவள் வேலை. துணியின் நீளம் இவ்வளவுதான் என்று தெரிந்துகொண்டு, கை, கழுத்து, முதுகு என்று ஒவ்வொரு துண்டையும் சாண் துணிகூட வீணாகாமல் இடம் பார்த்து அடுக்குகிற அதே வேலை. அவள் அதை அரை மணி நேரம் செய்வாள். இவள் அரை நிமிஷத்தில், வாயில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு செய்கிறாள்.

அதற்குப் பிறகு தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் கைகால் கழுவிவிட்டு நேராக மேசைக்குத்தான் வந்தாள். "இன்னிக்கு எத்தனை பேரைக் கொட்டினே?" என்பதுதான் முதல் பேச்சு.

நான்காவது வாரம் பெரிய போட்டி ஒன்று நடந்தது. அறுநூறு பேரில் சிட்டு கடைசி எட்டுப் பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். அங்கேதான் சிக்கல். அதுவரை ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிஷம் கொடுத்தார்கள். இனிமேல் முப்பதே நொடி. சுவர் வைத்து ஆடுகிறவர்களுக்கு அது போதும், சுற்றுக்கு ஒரு சீட்டு நகர்த்தினால் சரி. குளவிக்கட்டுக்கு ஒரே சுற்றில் ஏழெட்டுத் தடவை விரல் ஓட வேண்டும். பழகாத இடது கை. ஒத்திகை ஆட்டத்தில் ஒரு குளவி வழியிலேயே நழுவித் தப்பான இடத்தில் விழுந்தது. சிட்டு டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தாள். நான்கு வாரத்தில் அவள் முகம் சுண்டி அண்ணி பார்த்தது அன்றைக்குத்தான்.

"நீ சொல்லு, நான் நகர்த்துறேன்" என்றாள் அண்ணி.

"அது திருட்டாட்டம் அண்ணி. அவங்களைக் கேட்கணும்."

மாவுக்கட்டுக் கையின் படத்தோடு சிட்டு போட்டி நடத்துகிறவர்களுக்கு எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. 'கையை இரவல் வாங்கலாம், மூளையை இரவல் வாங்கக் கூடாது.' கேமரா ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உதவிக்கு இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது, சாடைகூடக் காட்டக் கூடாது.

"உங்க அண்ணி வாயை மூடிக்கிட்டு ஒரு மணி நேரமா? கப்பை அவளுக்கே குடுத்துடலாம்" என்றான் அண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னல் பக்கம் மேசையை நகர்த்திப் போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மின்கத்தி பிடித்துப் பழகிய கை ஒரு மயிரிழை பிசகவில்லை. சிட்டு "ரெண்டு, நாலு, அஞ்சு, அடி" என்று சீட்டின் வரிசை எண்ணை முணுமுணுக்க, சொல் முடிவதற்குள் சீட்டு போய் உட்கார்ந்தது. முதல் எதிராளி நான்காவது சுற்றிலேயே எழுந்து போய்விட்டார். அரையிறுதியும் அப்படியே.

இறுதி ஆட்டத்தில் வந்தவர் தன்னைக் கல்தச்சன் என்று சொல்லிக்கொள்கிறவர். சுவர், மருத்துவர், மழை எல்லாம் வைத்திருப்பவர். மூன்று வருஷமாக அவரைக் குளவி வைத்து யாரும் ஜெயித்ததில்லை, அதை மூளையில்லாத கட்டு என்று அவர் எழுதிக்கொண்டும் இருந்தார். மூன்றில் இரண்டு ஆட்டம் எடுப்பவருக்கு வெற்றி.

முதலாவதைச் சிட்டு எடுத்தாள். இரண்டாவதில் அவருக்கு இன்னும் நான்கே உயிர் பாக்கி இருக்கும்போது பெருமழை கொட்டியது. எட்டுக் குளவியும் ஒன்றாகச் செத்து விழுந்தன. களம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது, அந்த ஆட்டம் அவருக்குப் போனது.

மூன்றாவதைக் கல்தச்சன் தொடங்கினார். சிட்டு நிதானமாகத்தான் போனாள். சிட்டுவின் ஐந்தாவது சுற்று வந்தபோது அவருக்குப் பதினான்கு உயிர் இருந்தது. இவளுடைய களத்தில் நான்கு குளவி, பக்கத்தில் ஒரு கூடு. கூடு இருந்தால் சுற்றுக்கு ஒரு சீட்டு கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். கையில் மூன்று குளவி, செலவழிக்க ஐந்து புள்ளி.

"நாலும் அடி" என்றாள் சிட்டு.

அண்ணியின் விரல் ஓடியது. பதினான்கு ஆறாகியது. கையிலிருந்த மூன்றையும் இறக்க விரல் தானாகக் கீழே போனது.

"போதும். சுற்றை முடிங்க."

அண்ணியின் விரல் அந்தரத்தில் நின்றது. ஐந்து புள்ளி அப்படியே கிடக்கிறது. மூன்று குளவி கையில் சும்மா இருக்கிறது. அடிப்பதற்கென்றே பிறந்த கட்டில் அடிக்காமல் நிறுத்துவதா? போன ஆட்டத்து மழையில் பயந்துவிட்டாளோ? பதினாறு வருஷத்தில் ஒரு சாண் துணியை வீணாக்காத கை, ஐந்து புள்ளியை வீணாக்க மறுத்தது. கேட்கவும் முடியாது. கேமராவின் சிவப்புப் புள்ளி நேராக முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நொடி. பத்து. சிட்டு திரும்பக்கூட இல்லை. திரையின் மேல்மூலையைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தாள். தான் சொன்னது நடந்துவிடும் என்று அவ்வளவு நம்பிக்கை அந்த முகத்தில். சரி, இவள் கண்ணுக்கு ஏதோ தெரிகிறது என்று நினைத்துக்கொண்டு அண்ணி சுற்றை முடித்தாள்.

கல்தச்சன் யோசிக்கவே இல்லை. ஆறு புள்ளியையும் கொட்டிப் பெருமழையை இறக்கினார். நான்கு குளவியும் போயின.

"மூணையும் இறக்குங்க" என்றாள் சிட்டு. இறங்கின. ஆறில் மூன்று புள்ளி மீதி. "இப்போ கூட்டைத் தொட்டு, உடைங்க."

நான்கு வாரத்தில் சிட்டு கூட்டை உடைத்து அண்ணி பார்த்ததே இல்லை. சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. மூன்று புள்ளி கொடுத்துக் கூட்டை உடைத்தால், அந்தச் சுற்றில் இறங்கிய குளவிகள் அந்தச் சுற்றிலேயே கொட்டும். கிடைத்துக்கொண்டிருக்கும் சீட்டை விட்டுவிட்டு அதை யாரும் செய்வதில்லை.

கூடு உடைந்தது. மூன்று குளவியும் சுவரைத் தாண்டிப் பறந்தன. ஆறு, நான்கு, இரண்டு, பூஜ்யம்.

திரையில் கல்தச்சன் எழுதினார்: 'மழையைப் பெய்ய வெச்சதே நீங்கதானா?'

சிட்டு இடது கையால் தட்டுத்தடுமாறித் தட்டினாள்: 'ஆமா.'

'இந்தக் கட்டைப் பற்றி இத்தனை நாள் நான் சொன்னதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கிறேன்' என்று பதில் வந்தது.

கேமரா அணைந்ததுதான் தாமதம், ஒரு மணி நேரமாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் அண்ணியின் வாயிலிருந்து ஒன்றாகக் கொட்டியது. "அடிப்பாவி! என் உயிரே போய் வந்துச்சுடி! அவர்கிட்ட மழை இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மேல்மூலையில அவர் கையிலிருக்கிற சீட்டோட முதுகு தெரியும்ல, ரெண்டாவது சுற்றுல இருந்து ஒரு சீட்டைத் தொடவே இல்ல அண்ணி. மத்ததை எல்லாம் புரட்டிப் பார்க்கிறாரு, அதை மட்டும் ஓரமா ஒதுக்கி வெச்சிருந்தாரு. ஏழையும் வெளிய விட்டா ஏழும் செத்திருக்கும். கையில இருக்கிறதை அவரால நனைக்க முடியாதே!"

"மழையைப் போடாம விட்டிருந்தா?"

"மருத்துவரை இறக்கியிருப்பாரு, ஆறு ஏறி பன்னிரண்டு ஆகியிருக்கும். அப்போ என்கிட்ட ஏழு குளவி. ஏழு ரெண்டு பதினாலு."

அண்ணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. எந்தப் பக்கம் போனாலும் கணக்கு முடிந்திருந்தது. அந்த முப்பது நொடியில் பாதியை அண்ணி தயங்கியே தின்றிருக்கிறாள். அதற்கு முந்தைய பாதியிலேயே அந்தப் பெண் இரண்டு வழியையும் கடைசிவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

"நான் விரலை நிறுத்தினப்போ பயந்தியா?"

"பயந்தேன்" என்றாள் சிட்டு. "ஆனா திரும்பிப் பார்த்தா சாடைன்னு சொல்லிடுவாங்களே. வண்டி ஓட்டும்போது பின்னாடி இருக்கிற நர்ஸை நான் திரும்பிப் பார்க்கிறதில்ல. அவங்க வேலையை அவங்க பார்ப்பாங்க."

அண்ணி அவளுடைய கலைந்த முடியை ஒதுக்கிவிட்டு, சீப்பை எடுத்து வந்து வாரத் தொடங்கினாள்.

மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு இடைவேளையில் தையல்காரிகள் ஏழெட்டுப் பேர் வெட்டு மேசையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். பழுப்புத் தாளில் தையல் சாக்கால் சதுரம் சதுரமாகப் போட்டு அண்ணி விளக்கிக்கொண்டிருந்தாள். இது சுவர், இது கூடு, இந்த நாலும் குளவி. மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியும் யாரும் நகரவில்லை. மேற்பார்வையாளர் விறுவிறுவென்று வந்தார். கூட்டத்துக்கு மேலாக எட்டித் தாளைப் பார்த்தார், வாயைத் திறந்தார், மூடினார்.

"அப்புறம்? அந்த ஆளு மழையைப் போட்டாரா?" என்றார்.

"இருங்க, சொல்றேன்" என்றாள் அண்ணி. அவசரமே இல்லாமல்.