ஜலரேகா பார்த்த படகு

ஐந்தாறு வருஷமாகச் சபித்துக்கொண்டிருந்த கப்பல், ஒருநாள் காலை துண்டுதுண்டாக லாரியில் ஏறி டெனிசனின் வேலையிடத்துக்கே வந்து சேர்ந்தது. 2015 மார்ச் மாதம். வல்லம் வடகாலில் பழைய இரும்பை உருக்கும் ஆலை. வருகிற இரும்பில் பித்தளையையும் செம்பையும் பொறுக்கிப் பிரிப்பது அவன் வேலை. அறுத்துப் போட்ட வெள்ளைத் தகடொன்றில் ‘ஜலரேகா’ என்ற பெயரைப் படித்தான்.

உவரிக்குத் தெற்கே அவன் ஊர். 2009 ஆகஸ்டில் அண்ணன் கிறிஸ்துதாஸ் தனியாகக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. தேடப் போன கடலோரக் காவல் கப்பல் இதுதான். மூன்று நாள் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தது. “தேடவா செஞ்சானுவ? டீசல எரிச்சிட்டு வந்தானுவ” என்று அண்ணன் மனைவி, மைனி அன்னபுஷ்பம், வருஷாவருஷம் நினைவுப் பூசை முடிந்ததும் திட்டுவாள். டெனிசனும் சளைத்தவனில்லை. கப்பலைத் திட்டினால் அது எழுந்து வந்து பதில் சொல்லவா போகிறது?

சொன்னது.

நசுங்கிய இரும்பு அலமாரியை அவன் கம்பியால் நெம்பியபோது, பிளாஸ்டிக் உறையில் ஒரு நோட்டு கிடைத்தது. யாரோ ஒரு மாலுமி, கப்பல் செய்த வேலையையெல்லாம் ஆங்கிலத்தில் குறித்து வைத்திருந்தான். 1988-இல் பணியில் சேர்ந்தது. புயலில் பதினோரு பேரைக் காப்பாற்றியது. சுனாமிக்குப் பிறகு நாற்பது நாள் பிணம் தேடியது. ஐ.டி.ஐ. இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி, 2009 ஆகஸ்டுக்கு வந்தான்.

‘மூன்றாம் நாள் மாலை. தூரத்தில் ஒரு பச்சைப் படகு. நாங்கள் தேடுவது நீலம். படகிலிருந்தவர் கையசைத்தார். நாங்களும் கையசைத்துவிட்டுப் போனோம்.’

டெனிசன் அந்த வரியை மறுபடியும் எழுத்துக்கூட்டினான். நீலம் என்று சொன்னவன் அவன்தான். மைனி மயங்கிக் கிடக்க, படகின் அடையாளம் கேட்டு அதிகாரி இவனுக்குத்தான் போன் போட்டார். சுங்குவார்சத்திரத்து வாடகை அறையில் நின்றுகொண்டு, கேட்ட மாத்திரத்தில் சொன்னான். மாதா திருநாளுக்கு முன்னால் படகுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பது ஊர் வழக்கம். அவர்கள் படகுக்கு எந்த வருஷமும் நீலம்தான். அந்த வருஷம் வேலையில் ஓவர்டைம் கிடைத்ததால் அவன் திருநாளுக்குப் போகவில்லை.

“இன்னாடா, பொஸ்தகம் பட்ச்சினு கீற? ஃபர்னஸுக்கு லோடு போவணும்” என்றார் கிரேன் ஓட்டும் ராஜாமணி.

டெனிசன் நோட்டை மூடாமலே கைப்பேசியை எடுத்தான். ஊருக்குப் போன் போட்டான்.

“மைனி, அண்ணன் கடல்ல காணாமப்போன அந்த வருஷம் படகுக்கு என்ன கலர் அடிச்சிய?”

“பச்ச. எப்பமும் நீதான நீலம் வாங்கிட்டு வருவ? நீ வரலன்னதும் வீட்டுல கெடந்த பச்சய எடுத்து ஒங்கண்ணன் அடிச்சாவ. இப்பம் என்னத்துக்குக் கேக்க?”

கிரேனின் காந்தம் இறங்கி, பெயரெழுதிய தகட்டைத் தூக்கிக்கொண்டு உலைப்பக்கம் போனது.

“அந்தக் கப்பல இனிமே திட்டாதிய, மைனி” என்றான்.