நாற்பதாவது வரி

"எங்க நிக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு, போதும்" என்று அண்ணனுடைய கம்ப்யூட்டரை என் முன்னால் வைத்தாள் அண்ணி. பொழுதுபோக்காக அவன் சொந்தமாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருந்தான். அதன் உட்கருவான கெர்னல் எழுந்திருக்கும், பாதியில் வாயடைத்து நின்றுவிடும். ஒவ்வொரு அடியிலும் என்ன நடக்கிறது என்று திரையில் எழுதிக்காட்டும் பதிவு வசதி இல்லாமல் காரணம் தெரியாது. பதிவுக்கான வாக்கியங்களை நாற்பத்திரண்டு இடங்களில் எழுதிவைத்திருந்தவன், அவற்றை வாங்கித் திரையில் போடும் பகுதியை மட்டும் காலியாக விட்டிருந்தான்.

நிரப்புவதற்கு முன் எல்லாவற்றையும் படித்தேன். படித்திருக்க வேண்டாம். நாற்பதாவது இடத்தில் இப்படி இருந்தது: 'அவ கூப்பிடுறா. மூணாவது தடவ. இத முடிச்சிட்டு எடுக்கலாம்.'

அவன் அதை எழுதிய அன்று காலை அவனுக்கும் அண்ணிக்கும் சண்டை. சமாதானமாகப் போகலாமென்று மதியம் மூன்று முறை கூப்பிட்டாள். அவள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது அவன் நாற்காலியிலேயே உயிர் போய்க் கிடந்தான். போன் அடுத்த அறையில் கிடந்தது, காதில் விழுந்திருக்காது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதமாக நடமாடுகிறாள்.

அந்த வரி மட்டும் திரைக்கு வராதபடி அடைத்துவிட்டேன். ஒவ்வொரு வரிக்கும் எண் போட்டு, கண்ணுக்குப் பிடிபட வரிக்கு ஒரு நொடி நிறுத்தம் வைத்து ஓடவிட்டேன்.

'மெமரி முழிச்சிருச்சு.'

'கீபோர்டு சொன்ன பேச்சு கேக்குது. வீட்ல வேற யாரும் கேக்கல.'

"கொழுப்பப் பாரு! போயும் வம்பிழுக்குறாரு மனுஷன்" என்று அண்ணி சிரித்தாள். எனக்கு நாற்பதாவது வரிதான் நினைவில் ஓடியது. கெர்னலுக்குத் தேதி தெரியாது. ஒவ்வொரு முறையும் பூஜ்ஜிய நொடியில்தான் பிறக்கும். ஏழு மாதம் ஓடியது அதற்கு எப்படித் தெரியும்?

அண்ணிக்குப் புத்தகம் கட்டுமிடத்தில் வேலை. பக்கம் ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்று நாளெல்லாம் புரட்டும் கண்.

"முப்பத்தொம்போது... நாப்பத்தொண்ணு. நாப்பது எங்கடி?"

வரி எண்ணைக் கூட்டிவிட்டு அப்புறம்தான் வரியை அடைத்திருக்கிறேன். லிஃப்டுகளுக்கு நிரல் எழுதிப் பிழைக்கிறவள் செய்கிற தப்பா இது?

"அது ஒண்ணுமில்ல அண்ணி, வெத்து வரி."

"வெத்து வரிக்கா உன் மூஞ்சி இப்படிப் போவுது? என்னத் திட்டியிருக்காரா?"

"ஐயோ, இல்ல."

"அப்ப காட்டு."

"வேணாமே அண்ணி."

"காட்டுடி."

அடைப்பை நீக்கி மறுபடி ஓடவிட்டேன். வரிகள் அடியில் பிறந்து மேலே ஏறின. முப்பத்தொன்பது வந்ததும் அண்ணி ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துத் திரையின் அடிவரியை மூடிக்கொண்டாள். விரலுக்கடியில் வெளிச்சம் ஒருமுறை அசைந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி நாற்பத்தொன்று வந்து தள்ள, அந்த வரி அவள் விரலைத் தாண்டி மேலேறி நின்றது.