எங்கிருந்து, எங்கே

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் மேற்பார்வையாளருக்கு வாய் ஓயாது. அதனால் அங்கே எல்லாருக்கும் அவர் ரேடியோ. அன்று காலை அவர் நேராக அந்த அலுவலகத்தின் கணினிக்காரியிடம் வந்து நின்றார்.

"பழைய குழந்தைகள் ஆஸ்பத்திரியை இன்னிக்கோட மூடுறாங்கம்மா. ஆனா உன் ஃபார்ம்ல 'எங்கே'ங்கற பெட்டியைத் தொறந்தா இன்னும் அது ஜம்முனு நிக்குது. எவனாவது தப்பா அமுக்கினா வண்டி போய் பூட்டின கேட்டு முன்னாடி நிக்கும். அதை எடுத்துடு."

"ஒரு நிமிஷ வேலை சார்," என்றாள்.

கணினிக்காரர்கள் 'ஒரு நிமிஷம்' என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் கொஞ்சம் பயந்துகொள்வது நல்லது. ரேடியோவுக்கு அந்த விவரம் போதாது. திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வண்டி கேட்டு நிரப்பும் ஃபார்மில் மூன்று பெட்டிகள்: எங்கிருந்து, எங்கே, ஆக்சிஜன் மாற்ற வழியில் எங்கே நிறுத்துவது. தட்டினால் மூன்றும் கீழே விரிந்து ஆஸ்பத்திரிப் பெயர்களைக் காட்டும். மூன்றுக்கும் பின்னால் டேட்டாபேஸில் இருப்பது ஒரே டேபிள், அதாவது ஒரே பெயர்ப்பட்டியல். அது அவள் செய்த ஏற்பாடு. ஒரே பெயரை மூன்று இடத்தில் எழுதிவைப்பது மடத்தனம் என்று சண்டை போட்டு ஜெயித்தவள் அவள். ஜெயித்தவளுக்கே அன்று அது மறந்துபோயிற்று. 'எங்கே' பெட்டியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, டேபிளைத் திறந்து, பழைய ஆஸ்பத்திரியின் வரியைக் கண்ணை மூடிக்கொண்டு அழித்தாள். 'இந்த வரியை நம்பிப் பயணங்கள் காத்திருக்கின்றன, அழிக்க முடியாது' என்று தடுக்கிற பூட்டு ஒன்று உண்டு. அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று அதையும் அவள் போடவில்லை.

கொஞ்ச நேரத்தில் தங்கை போன் செய்தாள். தங்கைக்கு மாசம் நிறையாமல் பிறந்த ஆண் குழந்தை, அந்தப் பழைய ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. புதுக் கட்டடத்துக்கு இன்று மாற்றுகிறார்கள் என்று அக்காவுக்குத் தெரியும்.

"அக்கா, எங்க வண்டியைக் காணோமே? ஆக்சிஜன் லைனை மூடணும்னு பிள்ளையை சிலிண்டர்ல போட்டு வாசலுக்கே கொண்டுவந்துட்டாங்க. நர்ஸ் சிலிண்டர் முள்ளைப் பாக்கப் பாக்க முகமே மாறுது. எனக்குப் பயமா இருக்குக்கா."

"இருடி, கேக்கறேன்." போனைக் காதிலிருந்து எடுக்காமலே அறைக்குக் குறுக்கே கத்தினாள். "சார், பழைய ஆஸ்பத்திரியிலேர்ந்து எத்தனை பேர் வண்டிக்குக் காத்திருக்காங்க?"

"ஒருத்தரும் இல்லையே. காலையிலேர்ந்து சரம் சரமா வந்துச்சு, திடீர்னு ஓஞ்சுபோச்சு. எல்லாரையும் மாத்தி முடிச்சுட்டாங்க போல."

அவள் டேபிளைத் திறந்து பார்த்தாள். இனி யாரும் அங்கே போகப்போவதில்லை, சரி. ஆனால் இன்றைக்கு எல்லாரும் அங்கிருந்துதானே கிளம்புகிறார்கள்! 'எங்கே'யில் எடுத்தது 'எங்கிருந்து'விலும் போயிருந்தது. கிளம்பும் இடம் தெரியாத பயணங்களைத் திரை காட்டாது.

"முடிக்கல சார். நான்தான் அழிச்சுட்டேன். வாசல்ல பிள்ளைங்க நிக்குது. என் தங்கச்சி பிள்ளையும்."

ரேடியோ பேச்சு மூச்சில்லாமல் நின்றதை அந்த அறை அன்றுதான் பார்த்தது. பிறகு மைக்கைப் பாய்ந்து பிடித்தார். ஒரே ஒரு குழந்தையை மட்டும் வைத்துக் கொண்டுபோகும் இன்குபேட்டர் வண்டிகளில் சும்மா இருந்தது ஆமையுடையது ஒன்றுதான். காற்றாய்ப் பறக்கும் டிரைவருக்கு யாரோ கிண்டலாக வைத்த பெயர் அது.

"ஆமை, பழைய குழந்தைகள் ஆஸ்பத்திரி வாசல். நம்ம கம்ப்யூட்டர் அம்மாவோட தங்கச்சி பிள்ளை. பறந்து போ!"

அவள் பெயரைத் திரும்பச் சேர்த்தாள். மூன்று பெட்டியிலும் வந்துவிட்டது. திரை மட்டும் காலியாகவே இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. கணினிக்குப் பெயர் முக்கியமில்லை, பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் முக்கியம். இப்போது சேர்த்தது புது எண். அதாவது அதே பெயரில் வேறொரு ஆஸ்பத்திரி. காத்திருந்த பயணம் ஒன்றின் பதிவிலிருந்து பழைய எண்ணைப் பொறுக்கி எடுத்து, அதே எண்ணில் வரியை மறுபடி எழுதினாள்.

திரை நிரம்பியது.

தங்கையின் குழந்தை இரண்டாவது வரியில் இருந்தது, மஞ்சள் நிறத்தில். அதற்கு மேலே ஒரு பெண் குழந்தை. அதே வாசல், அதற்கும் முன்னால் கேட்டது, நிறம் சிவப்பு. கொஞ்சமும் காத்திருக்கக் கூடாத குழந்தைக்குத்தான் சிவப்பு; கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள்; போய்ச் சேர்ந்ததும் வரி பச்சையாகும்.

"அடுத்த வண்டி?" என்றாள்.

"புதுக் கட்டடத்துல இறக்கிட்டிருக்கு. வந்துடும். ஆனா உடனே வராது." ரேடியோ மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.

"ஆமை அண்ணே, பிள்ளையை ஏத்திட்டீங்களா?"

"ஏத்தியாச்சும்மா. கதவைச் சாத்தப்போறேன்."

"சாத்தாதீங்க. சிவப்பு அட்டை கட்டின பொண்ணு குழந்தை பக்கத்துல இருக்கா?"

"இருக்கு."

"அதை ஏத்துங்க. இதை... இதை இறக்கிடுங்கண்ணே."

மேசையில் கிடந்த போனுக்குள் தங்கை அலறினாள். "அக்கா! என் பிள்ளையை இறக்குறாங்க! யாருக்கா சொன்னது?"

அவள் போனை எடுத்தாள். "நான்தாண்டி சொன்னேன்."

மறுமுனையில் ஒரு வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அதன் பின் தங்கையின் மூச்சும், சிலிண்டரோடு சேர்ந்த பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கிற சத்தமும் மட்டும்தான். கெட்டது எல்லாவற்றையும் நினைத்துப் பார்க்க அக்காவுக்கு வேண்டிய நேரம் கிடைத்தது. நர்ஸ் யாரிடமோ, "முள்ளு பாதிக்கும் கீழ போயிடுச்சு" என்றாள். நம்மால்தான், நம்மால்தான் என்று அக்காவின் மனம் அடித்துக்கொண்டது. எதிரே ரேடியோ இரண்டாவது டிரைவரை விரட்டிக்கொண்டே இருந்தார். போனை வைக்க இவளுக்குத் துணிவில்லை, தங்கையும் வைக்கவில்லை.

கடைசியில் போனுக்குள் சைரன் கேட்டது. யார் யாரோ ஓடினார்கள். கதவு சாத்தும் சத்தம்.

"ஏத்தியாச்சு," என்றாள் தங்கை. குரலில் ஒட்டுறவே இல்லை. வைத்துவிடப்போகிறாள் என்று அக்கா நினைத்தாள்.

"முன்னாடி போச்சே, அந்தப் பொண்ணு. அதோட அம்மா வண்டி ஏறும்போது என் கையை விடவே இல்லக்கா. போய்ச் சேந்துடுச்சான்னு பாத்துச் சொல்லு."

அவள் திரையின் முதல் வரியைப் பார்த்தாள். கண் கலங்கியதில் நிறம் மட்டும்தான் தெரிந்தது. பச்சை.

"சேந்துடுச்சுடி," என்றாள்.