அழகம்மாள் முகத்துக்கு வெளிச்சம்

ஃபிளாஷ் என்றாலே ஆரிபாவுக்கு ஒரு காலத்தில் இளக்காரம். கல்யாண வீட்டில் கண்ணைக் கூசவைக்கிற சமாச்சாரம் அது, அதைக் கேமராவில் மாட்டுகிறவனுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்று போட்டோ கிளப்பில் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். கல்யாண வீடுகளில் படம் எடுத்தே குடும்பம் நடத்துகிற சார்லஸ் அப்போது பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான். வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு அப்புறம் திருதிருவென்று முழிப்பது அவளுக்குப் பிறவிக் குணம். மூன்று வருடம் கழித்து அதே கிளப்புக்கு வந்து அதே சார்லஸிடம், "எனக்கு ஃபிளாஷ் சொல்லித் தாங்க தம்பி" என்று நின்றாள்.

சார்லஸ் குத்திக்காட்டவில்லை. "எதுக்குக்கா திடீர்னு?" என்று மட்டும் கேட்டான்.

"ஒரு அம்மாவ மறுபடி படம் எடுக்கணும். மூஞ்சி தெரியணும்."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கிளப்பில் அந்தக் கதை தெரியாதவர் யாரும் இல்லை.

ஆரிபா திண்டுக்கல்லில் மசாலாப்பொடி வியாபாரம் செய்கிறவள். கணவர் அப்துல் ஹக்கீம் தோல் மண்டி வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் மிளகாயும் மல்லியும், ஞாயிற்றுக்கிழமை கேமரா என்று வைத்திருந்தாள். அப்படி ஒரு ஞாயிறு ஆயக்குடி கொய்யாத் தோப்பில் எடுத்த படம் அது. பழம் பறிக்கிற அழகம்மாள் தலையில் கூடையோடு நிற்க, பின்னால் சூரியன் கிளைகளுக்குள் வெடித்துக்கொண்டு எழும்பியது. கிளப் கண்காட்சியில் அதற்குத்தான் முதல் பரிசு. ஆரிபாவுக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க படத்த மாட்டியிருக்கோம், வந்து பாருங்கக்கா" என்று அழகம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

அழகம்மாளும் கூலி வேலைக்கு ஒரு நாள் லீவு சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து புதுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினாள். படத்துக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "பாயம்மா, மரம் இருக்குது, கூடை இருக்குது. இதுல நான் எங்கீங்க இருக்கறேன்?" என்று கேட்டாள். முகம் இருக்க வேண்டிய இடம் முழுக்கக் கருப்பு. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். "இப்படி எடுக்கிறதுதான்க்கா அழகு" என்று ஆரிபா ஏதோ சொல்லிச் சமாளிப்பதற்குள் பரிசு வாங்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். போனாள். திரும்பி வந்தபோது அழகம்மாளைக் காணோம்.

அந்தக் கேள்வி ஆரிபாவின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துவிட்டது. பரிசுச் சான்றிதழைச் சுவரில் மாட்டவில்லை, கிளப்புக்கும் போகவில்லை, கேமராவை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். கேட்டவர்களிடம் வியாபாரம் கூடிப்போச்சு என்றாள். வியாபாரமும் கூடித்தான் இருந்தது. இந்த வருடம் ஒரு அடையாள அட்டைக்காக எடுத்த படத்தில் அவளுடைய சொந்த முகமே கரிச்சட்டியாய் விழுந்திருந்தது. "இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சத்தம் போட்டாள். போட்ட சத்தம் அடங்குவதற்குள் அழகம்மாள் ஞாபகம் வந்துவிட்டது. மறுநாளே பீரோவைத் திறந்தாள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. விட்டுப் போய்த் திரும்பி வருகிறவர், படம் எடுக்கப் போகிற முதல் சுற்றில் கேமராவைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது, மற்றவர்களுக்கு லைட் பிடிக்க வேண்டும். தலைவர் பொன்னுத்துரை மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், இந்த விஷயத்தில் மட்டும் இரக்கமே இல்லாதவர். சாணார்பட்டிப் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்தில், காலை பத்து மணி வெயிலில், ஆரிபா ஃபிளாஷைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றாள்.

"ஸ்டாண்டு கெடையாதா?"

"காத்துக்கு ஸ்டாண்டு சாஞ்சிரும்க்கா. நீங்க சாய மாட்டீங்க" என்றான் சார்லஸ்.

பட்டப்பகலில் எதற்கு ஃபிளாஷ் என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் தீர்ந்தது. சார்லஸ் முதலில் வானத்து வெளிச்சத்துக்கு மட்டும் கேமராவில் கணக்குப் பண்ணினான். மேகம் தெளிவாய் விழுந்தது, வெயிலுக்கு முதுகு காட்டி நின்ற பொன்னுத்துரை கரிக்கட்டையாய் விழுந்தார். அதற்குப் பிறகு பக்கவாட்டிலிருந்து ஆரிபா பிடித்த ஃபிளாஷ் அடித்தது. வானம் அப்படியே இருக்க, பொன்னுத்துரை மட்டும் மூக்கும் முழியுமாய் வெளியே வந்தார். "வெயில் வானத்தப் பாத்துக்கிரும். மனுஷனுக்கு நாம கொண்டுபோற வெளிச்சந்தேன்" என்றான் சார்லஸ். ஆரிபாவுக்குக் கை கடுத்துப் போனது. ஆனாலும் கேமரா பிடித்த பத்து வருடத்தில் தெரியாத ஒன்று வெறுங்கையோடு நின்ற ஒரு காலையில் தெரிந்துவிட்டது. முகத்துக்கு இன்னும் அரை அடி பக்கத்தில் போனால் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்பதை எட்ட நின்று எடுக்கிறவன் பார்க்கவே முடியாது.

அடுத்த ஞாயிறுகளில் கேமரா கையில் வந்ததும் வரிசையாய்த் தப்பு செய்தாள். ஃபிளாஷுக்கு ஒத்துப்போகாத அளவுக்கு ஷட்டரை வேகமாக வைத்துப் படத்தில் பாதியைக் கருப்புப் பட்டையாக்கினாள். அப்துல் ஹக்கீமை மொட்டை மாடியில் நிறுத்தி எடுத்ததில் அவர் தாடியே வெளுத்துப் போனது. "ஒரேயடியா ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தவன் மாதிரி ஆக்கிட்டியே" என்றார். விடாமல் பழகினாள்.

ஐப்பசியில் கொய்யா சீசன் சூடு பிடித்ததும் சார்லஸின் காரில் ஆயக்குடிக்குப் போனார்கள். மதியம் இரண்டு மணிக்கு அவனுக்கு ஊரில் ஒரு நிச்சயதார்த்தத்தில் படம் எடுக்கிற வேலை, அதற்குள் திரும்பியாக வேண்டும். அழகம்மாள் படத்துக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பதே வழியெல்லாம் ஆரிபாவின் நினைப்பு. சொன்னால் அது நியாயம்தான் என்றும் தோன்றியது.

அழகம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "வாங்க பாயம்மா, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டாள். படம் என்றதும் வேலையை நிறுத்திவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். சார்லஸ் ஃபிளாஷைப் பிடித்தான். அவசரத்தில் ஆரிபா அதை முழு வெளிச்சத்தில் விட்டுவிட்டாள். கேமராத் திரையைப் பார்த்த அழகம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதாருங்க, மாவுல முக்கி எடுத்தாப்ல? எம்பட நாத்தனாகூட இம்புட்டு வெள்ளையில்லீங்க."

"கல்யாணத்துல இதக் காட்டித்தான் நான் பேரு வாங்குறேன்" என்று சார்லஸ் முணுமுணுத்தான்.

ஆரிபா ஃபிளாஷைக் கால்வாசிக்கு இறக்கினாள். அதன் மேல் வெள்ளை வேட்டித் துணி ஒன்றைச் சுற்றினாள். சார்லஸை ஒரு எட்டுப் பின்னால் போகச் சொன்னாள். இந்தத் தடவை சரியாக விழுந்தது. பின்னால் பிசிறில்லாத வானம், கிளை, இலை. முன்னால் அழகம்மாள், அவளுடைய கருப்பிலேயே. நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, மேலுதட்டு வியர்வை எல்லாம் இருந்தது. அழகம்மாள் திரையை இரண்டு கையாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இது நாந்தானுங்க" என்றாள்.

ஆரிபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருடமாய் மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்ததை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னாள். "அன்னைக்கு உங்க மூஞ்சிய இருட்டாக்கி மாட்டிட்டேன்க்கா. அதுக்கு மன்னிச்சுக்கங்க."

"படத்துக்குங்களா?" அழகம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "அடப் போங்க பாயம்மா. வெயிலுக்கு முதுகு காட்டி நின்னா மூஞ்சி கருப்பாத்தான் தெரியும், அது எனக்குத் தெரியாதுங்களா? எல்லாருஞ் சிரிச்சாங்க, நானுந்தான் சிரிச்சேன். உங்களைய மேடைக்குக் கூப்ட்டாங்க, போனீங்க. வருவீங்கன்னு அந்தப் படத்துக்கிட்டயே நின்னுட்டிருந்தனுங்க. சோத்து நேரம் தாண்டிப் போச்சு. அந்த ஊர்ல உங்களைய விட்டா எனக்கு யாரைத் தெரியும்? ஒரு வாய் தண்ணி குடின்னு சொல்ல ஆளில்லீங்க. நீங்க அந்தப் பக்கம் சால்வையோட நின்னு சிரிச்சிட்டிருந்தீங்க. பாத்துட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஆரிபாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அன்றைக்கு மேடையிலிருந்து இறங்கியதும் ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள், பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்தார், அப்படியே பேச்சு வளர்ந்தது. எவ்வளவு நேரம் என்று அவள் இன்றுவரை யோசித்துப் பார்த்ததில்லை. மூன்று வருடமாக அவள் வெட்கப்பட்டது தன்னுடைய படத்துக்காகத்தான். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் காத்து நின்ற மனுஷியை ஒரு தரம்கூட நினைக்கவில்லை. ஃபிளாஷைக் கற்றுக்கொண்டு வந்து இதை எப்படிச் சரிசெய்வது?

"பெரிய தப்புக்கா. வாங்க, ரோட்டுக்கடைக்குப் போவோம். ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்."

"இப்ப எங்கீங்க வாரது? வண்டி வந்து நிக்குது. நாப்பது பெட்டி ஏத்தோணும்" என்று சொல்லிக்கொண்டே அழகம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்துவிட்டாள்.

சார்லஸ் மணியைப் பார்த்தான். "அக்கா, கிளம்புவமா? படந்தான் நல்லா வந்திருச்சே."

"நீங்க போங்க தம்பி. நான் பஸ்ல வந்துக்கிறேன்."

"அவங்க ஏத்தி முடிக்க எம்புட்டு நேரம் ஆகும்னு தெரியலையே?"

"ஆகட்டும்."

கேமராப் பையையும் அவன் கையிலேயே கொடுத்தனுப்பினாள். பெட்டி ஏற்றுகிற வண்டியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். வெயில் உச்சிக்கு ஏறியது, பசித்தது. பாதி வண்டி நிறைந்தபோது அழகம்மாள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். ஆரிபா அங்கேயே இருந்தாள்.