கடைசிச் சுற்று முதலாளி வீட்டில்

எண்பத்தாறாம் வருஷம் ஆட்டையாம்பட்டிப் பக்கத்து நூல் மில் ஒன்று கம்ப்யூட்டர் வாங்கியது. வாங்கி இறக்கிய பிறகுதான் அதை யார் ஓட்டுவது என்ற யோசனையே வந்தது. சிஸ்டம்ஸ் இன்ஜினியர் தேவை என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தார்கள். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வெள்ளாமை செய்யும் மருதாசலத்தின் மகள் வசந்தாமணி கோயம்புத்தூரில் அந்தப் படிப்பையே படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். உடனே விண்ணப்பித்தாள்.

பரீட்சைக்கு வந்த பையன்கள் அவளைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தவள் அறை மாறி உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். இந்த வேலை என்ன வேலை என்று சென்னையிலிருந்து வந்த அதிகாரி ஒவ்வொருவரையும் கேட்டார். எல்லோரும் மெஷினைப் பற்றிப் பேசினார்கள். வசந்தாமணி மில்லைப் பற்றிப் பேசினாள். பஞ்சு எப்படி உள்ளே வருகிறது, நூல் எப்படி வெளியே போகிறது, ஷிப்டுக்கு எப்படிக் கூலி போடுகிறார்கள், எல்லாவற்றையும் பார்த்து ஒன்றோடொன்று கோத்த பிறகுதான் மெஷினையே தொட வேண்டும் என்றாள். முதலிடம் அவளுக்குத்தான். கடைசிச் சுற்று முதலாளி வீட்டில், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லியனுப்பினார்கள்.

மருதாசலம் பட்டுச் சேலை கட்டிக்கொள்ளச் சொன்னபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவளுக்குப் பட்டு எதற்கு என்று கேட்டாள். பெரிய இடம் என்றார் அவர். நம்பிக் கட்டிக்கொண்டாள்.

முதலாளி பாலசுந்தரம் கேட்ட முதல் கேள்வியே, நீங்கள் எந்தக் கூட்டம், எந்தக் குலம் என்பதுதான். அப்பா சொன்னார். வேறு கூட்டம்தான் என்று முதலாளி தன் மனைவி பெரியநாயகியைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரே கூட்டமென்றால் அண்ணன் தங்கை முறை, கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. இது அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். வசந்தாமணியோ, ஏதோ மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று நினைத்து, கூலிக் கணக்கை எங்கிருந்து தொடங்கலாம் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள், அசடு.

பெரியநாயகி காப்பித் தட்டை அவள் கையில் கொடுத்து எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். தலைவாரிப் பவுடர் போட்ட மகன் உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தான். வசந்தாமணி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துதான் கூட்டி வந்திருக்கிறார். பெண் பார்க்கப் பஸ் ஏறி வரக்கூட இவர்களுக்கு உடம்பு வணங்கவில்லை, பெண்ணையே வரவழைத்துப் பார்க்கிறார்கள்!

பாலசுந்தரம் சாவகாசமாக விளக்கினார். "வெளியாளப் போட்டா நாளைக்கு வேற மில்லுக்கு ஓடிருவானுங்க, அம்மிணி. நீ நம்மூட்டுப் புள்ளையாயிட்டா மெசினும் நம்முளுது, ஆளும் நம்முளுது."

அப்படியானால் சம்பளம் என்று அவள் கேட்டதற்கு வீடே சிரித்தது. மருமகளுக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

வசந்தாமணி தட்டைக் கீழே வைத்தாள். "என்னைய அத்தன பேரோட உக்கார வெச்சுப் பரிச்ச வெச்சீங்க. உங்க பையனுக்கு என்ன பரிச்சைங்க வெச்சீங்க? வேலைக்கு ஆர்டர் குடுங்க, நாளைக்கே வாரேன். இதுக்கு நான் வரலீங்க."

மகன் காப்பியைக் குடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அப்பாவைப் பார்த்தான். கல்யாணம் இல்லையென்றால் வேலையும் இல்லை என்று பாலசுந்தரம் எழுந்துகொண்டார்.

இருவரும் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். அவள் கோபத்தில் பாதிதான் மில்காரர்மேல். மீதிக்கு உரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் மில்லில் இன்ஜினியராகப் போகிறாள் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"ஊர்ல கேட்டா என்ன சாமி சொல்றது?" என்றார் மெதுவாக.

"பாஸாயிட்டாள்னு சொல்லுங்கப்பா," என்றாள் வசந்தாமணி. "பாஸானதுனாலதான் வேல கெடைக்கலீன்னும் சொல்லுங்க."